தோளைப் பாருங்கோ

“அப்பா வலப்பக்கம் பார்த்துப்போட்டு இடப்பக்கம் அடிப்பார். நீங்கள் கண்ணைப் பார்க்காதேங்கோ, தோளைப் பாருங்கோ,” என்றாள் தனுஷியா போனில்.

ஒரு கிழமையாக இதுதான் பாடம். கலியாணம் பேசி முடிக்கமுதல் மாப்பிள்ளை சாரங்கனோடு ஒரு தரம் பட்மின்டன் ஆடிப்பார்க்க வேண்டும் என்று அவளுடைய அப்பா பாலசுந்தரம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை, வெள்ளவத்தை உள்ளரங்கில், மாமாவின் தோளை விட்டுச் சாரங்கன் கண்ணெடுக்கவில்லை. தோள் அசையும்போதே அவர் எங்கே வந்து நிற்பார் என்று கணித்து, பந்தைச் சரியாக அவருடைய மட்டைக்கே அனுப்பினான். பெண் தரப்போகிற மனுசனை வெல்ல அவனுக்கென்ன விசரா? ஆனால் வேண்டுமென்று தோற்பது அவருக்குத் தெரியக்கூடாது. அவ்வளவு பயிற்சியும் அதற்குத்தான்.

தற்செயலாய் விழுந்த பந்துகளில் புள்ளிகள் ஏறி, பத்தொன்பதுக்குப் பத்தொன்பது ஆனபின் பந்து விழவே மாட்டேன் என்றது. மாமா அடித்ததெல்லாம் சின்னப்பிள்ளைகூடத் திருப்பி அடிக்கக்கூடிய பந்துகள். அதைத் தவறவிட்டால் கள்ளம் பிடிபட்டுவிடும். கடைசியில் அடுத்த குழு வந்து கதவைத் தட்ட, ஆட்டம் அப்படியே நின்றுபோனது.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த சாரங்கனுக்கு, சுவருக்கு அந்தப்பக்கம் மாமா போனில் மாமியோடு கதைப்பது கேட்டது.

“பெடியன் நல்லவன், கௌரி. நான் வெண்டால் கோவிச்சுக்கொண்டு கலியாணமே வேண்டாமெண்டு போயிடுவான் எண்டுதான் ஒவ்வொரு பந்தையும் அவன்ரை மட்டையிலயே வைச்சுக் குடுத்தனான். அதென்ன பெரிய வித்தையே? ‘கண்ணைப் பார்க்காதேங்கோ அப்பா, தோளைப் பாருங்கோ’ எண்டு உம்மடை மகள்தான் ஒரு கிழமையாச் சொல்லித் தந்தவள்.”