யாரும் கேட்காத பாட்டு

நேரலை தொடங்குவதற்கு முன் பாடகர் கண்ணாடித் தடுப்பைத் தாண்டி வந்து இடியின் தோளைத் தட்டினார்.

"என்ன மச்சான், பொத்தான் அமுக்கியே பொழப்பு ஓடுதா?"

இடி சிரித்து வைத்தான்.

பாடகரின் ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்த காலத்தில் ஒட்டிய பட்டப்பெயர்தான் இடி. இப்போது வானொலி நிலையத்தில் ஒலிக்கட்டுப்பாடு பார்க்கிறான். அந்த ராக் குழுவில் பாட்டுகளைக் கட்டியது, கிட்டார் வாசித்த அவன் அக்கா. இசைத்தட்டு உறையில் அச்சானது பாடகர் பெயர்.

குழு எடுபடவில்லை. பாடகர் தனியாகப் போய்ப் பெயர் எடுத்தார். பெயர் வந்ததும், கட்டிய மனைவியான அக்காவைக் கழற்றிவிட்டார். பாட்டுகளை மட்டும் விடவில்லை.

கவனிக்கப்படாமல் போன பாட்டுகளைக் கொண்டாடும் நேரலை நிகழ்ச்சிக்கு, குழுவின் பழைய பாட்டுகளோடு விருந்தினராக வந்திருந்தார் பாடகர். முதல் பாட்டு முடிந்ததும் தொகுப்பாளினி கை தட்டினாள். இதையா இத்தனை நாள் விட்டுவைத்தோம் என்று நொந்துகொண்டாள். பாடகர் அதைத் தான் எழுதிய கதையை உருக்கமாகச் சொன்னார். இரண்டாவது பாட்டுக்கும் ஒரு கதை வைத்திருந்தார்.

மூன்றாவதாக இடி ஓடவிட்டதில் குரலே இல்லை. கிட்டாரும் டிரம்ஸும் ஒன்றையொன்று துரத்தின. பாதியில் டிரம்ஸ் நின்றுவிட, கிட்டார் மட்டும் தனியாக அழுது, தானே தேறிக்கொண்டது.

தொகுப்பாளினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாடகர் ஒரு கணம் தயங்கினார். தன் குரல் இல்லாத எதையும் அவர் உட்கார்ந்து கேட்டதே கிடையாது. ஆனால் வந்த புகழை வேண்டாமென்று சொல்லும் பழக்கமும் கிடையாது.

"இதுவா? ஒரே மூச்சுல போட்டேன். என் உசுரே இதுலதாங்க இருக்கு."

அவர் சொல்லி முடிக்கும்வரை இடி பொறுத்திருந்தான். ஊரே கேட்டிருக்கும். பிறகு, காத்திருந்த நேயர் ஒருவரின் தொலைபேசி இணைப்பைத் திறந்துவிட்டான்.

வந்தது அக்காவின் குரல். அவள் எப்போதும் அதிர்ந்து பேசாதவள்.

"இது போன வாரம் நானும் தம்பியும் எங்க வீட்டுச் சமையலறையில வாசிச்சுப் பதிவு பண்ணதுங்க. இப்ப சொல்லுங்க, முன்னாடி போட்ட ரெண்டும் யாரோடது?"