ஓட்டியவர் பெயர்

"தூண் தானா வந்து மோதிச்சுன்னு மட்டும் சொல்லிடாதே ரங்கா," என்றான் ஜோனத்தான்.

அதைத்தான் சொல்லலாம் என்றிருந்தேன். நாவலூரில் என் மகள் வினிதா குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்துச் சரிவில் இறங்கும்போது, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டேன். யாரும் இடித்துவிடக் கூடாதே என்று மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்து வைத்திருந்த தூண். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த ஜோனத்தானின் காருக்குத்தான் மூக்கு உள்ளே போய்விட்டது.

ஜோனத்தான், தோத்தாத்ரி, ஞானையா, நான், நாலு பேரும் ரயில் சிநேகிதர்கள். தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் போகும் காலை வண்டியில் இருபது வருடம் ஒரே பெட்டி, ஒரே சண்டை. பதினைந்து வருடங்களுக்கு முன் ஜோனத்தானின் மனைவி கிறிஸ்டி இறந்தாள். அந்த வருடக் கடைசியில் அவன் ஒரு வெள்ளை காரை வாங்கி வாசலில் நிறுத்தினான். துக்கத்தை மறக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வழி என்று பேசிக்கொண்டோம்.

வாங்கியது அவன், ஓட்டித் தீர்த்தது நாங்கள். தோத்தாத்ரி மகனின் பெட்டி படுக்கை காட்டாங்குளத்தூர் ஹாஸ்டலுக்குப் போனது அந்த காரில்தான். வினிதாவை இரண்டு பிரசவத்துக்கும் கொண்டுபோனது அதில்தான். ஞானையா மட்டும் காய்கறி வாங்கக்கூட அதை எடுத்துப் போவான்.

வாடகை என்று ஜோனத்தான் கேட்டது ஒன்றுதான். திருப்பித் தரும்போது அவனை ஏற்றிக்கொண்டு பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் ஒரு சுற்று. போகிற வழியில் டீ. இடதுபக்க சீட்டில், ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, ஊரே தன்னுடையது போல வருவான். வண்டிக்குக் கீறல் விழுந்திருக்கிறதா என்று சோதிக்கிறான் என்பது என் கணிப்பு. என் கணிப்புகளின் தரத்துக்கு அந்தத் தூணே சாட்சி.

இப்போது ஞானையா மகனோடு பெங்களூரில். தோத்தாத்ரிக்கு மூட்டுவலி. போனைத் தட்டினால் வாசலுக்கு டாக்சி வருகிற காலத்தில் நானும் சாவி கேட்டுப் போய் ஒரு வருடமாகிவிட்டது. "வண்டி சும்மா நிக்குதுடா, எங்கேயாவது எடுத்துக்கிட்டுப் போயேன்" என்று வாரம் தவறாமல் போன் செய்து அவன்தான் கொடுத்தனுப்பினான். நானும் எடுத்துக்கொண்டு போனேன், தூணைப் பார்க்க.

மெக்கானிக் கையை விரித்துவிட்டார். இன்ஷூரன்ஸ் வந்தால் சரி செய்யலாம். வராவிட்டால் இவ்வளவு பழைய வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுவதே மேல் என்றார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் உதயா என்ற பெண் போனில் தைரியம் சொன்னாள்.

"பாலிசி வண்டிக்குத்தான் சார். ஓனர் சம்மதத்தோட ஃப்ரெண்ட் ஓட்டியிருந்தாலும் கவர் ஆகும். ஓட்டினவரோட லைசென்ஸ் மட்டும் கரெக்டா இருக்கணும்."

பெருமையாக என் லைசென்ஸை எடுத்தேன். படத்தில் தலை நிறைய முடி. முடி காலாவதியான வருடம் எனக்குத் தெரியும். லைசென்ஸ் காலாவதியாகி நாலு மாதம் ஆனது அன்றுதான் தெரிந்தது.

அதனால்தான் க்ளெய்ம் ஃபாரத்தோடு ஜோனத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். எல்லாம் நிரப்பியாகிவிட்டது. 'ஓட்டியவர் பெயர், லைசென்ஸ் எண்' என்ற இரண்டு கட்டங்கள் மட்டும் காலி.

"நீ ஓட்டினேன்னு போட்டுடு மச்சான். ஒரு பேரு, ஒரு நம்பரு. அவ்ளோதான்."

"முடியாது."

"ஏன்?"

"பொய் எழுத மாட்டேன்."

தூங்கிவிட்டு வந்த நாளிலெல்லாம் ஆபீஸ் ரிஜிஸ்டரில் 'ரயில் தாமதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவன் என்பதை நினைவூட்டினேன். சிரித்தான். பேனாவை மட்டும் தொடவில்லை.

செலவை நானே ஏற்கிறேன் என்றேன். வேண்டாம் என்றான். வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று மறுபடி சொன்னேன். அப்போது அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்த காரோடு எங்கள் பதினைந்து வருடமும் எடைக்குப் போகிற மாதிரி இருந்தது. இவ்வளவு ஆசை வைத்திருப்பவன் ஏன் இரண்டு கட்டத்தை நிரப்ப மாட்டேன் என்கிறான்? எனக்குத் தண்டனை தருகிறான் என்றே நினைத்தேன். பதினைந்து வருடம் ஒரு கேள்வி கேட்காமல் சாவி கொடுத்தவனுக்குக் கோபப்பட உரிமை இல்லையா என்ன.

"கோபம்னா நாலு வார்த்தை திட்டுடா. வாங்கிக்கிறேன்," என்றேன். "இப்படி மூடி மறைக்காதே. உன் லைசென்ஸ் நம்பரை எழுத உனக்கு என்ன தடை? நேரா சொல்லு."

ஜோனத்தான் ஃபாரத்தை மடித்து என்னிடமே கொடுத்தான்.

"என்கிட்ட லைசென்ஸே கிடையாது ரங்கா. எனக்கு கார் ஓட்டத் தெரியாது," என்றான். "கிறிஸ்டி போனதுக்கப்புறம் இந்த வாசல்ல என் செருப்பைத் தவிர வேற செருப்பே இல்ல. ஒரு கார் நின்னா, சாவி கேட்டாவது நீங்கள்லாம் வருவீங்கன்னு வாங்கினேன்."