முலுண்ட் வருவதற்குள்

மாட்டுங்காவில் கிளம்பிய லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டியில் சாயங்கால வெயில் சாய்ந்து விழுகிறது. விஜயலட்சுமி மாமியின் மடியில் தமிழ்ப் பேப்பர் விரிந்திருக்கிறது. இன்றைய குறுக்கெழுத்து முழுக்கக் காய்கறிகள். பக்கத்து சீட்டு ஷாலினிக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் மாமி உரக்கப் படிக்கிறாள். இந்த மாதம் ஒருநாள்கூட முலுண்டில் இறங்குவதற்குள் இருவரும் முடித்ததில்லை. இன்று ஒன்றுதான் பாக்கி.

"பருப்பு உசிலிக்கு ஆகும். எட்டு எழுத்து."

"பீன்ஸ்?"

"மூணுதான்டி வரது."

எதிரே காய் ஆய்ந்துகொண்டிருக்கும் மராத்திக்காரி, "க்யா ஹுவா?" என்று என்ன ஆச்சென இந்தியில் கேட்கிறாள். ஷாலினியின் பார்வை அவள் மடியிலிருக்கும் காயில் விழுகிறது.

"மாமி, கொத்தவரங்காய்!"

மாமி ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறாள். கடைசி எழுத்தை எழுதும்போது முலுண்ட் பிளாட்பாரம் ஜன்னலில் பின்னோக்கி நகர்கிறது.

"ஐயோ மாமி, ஸ்டேஷன் போயிடுத்து!"

"போகட்டும்டி, அடுத்த ஸ்டேஷன் தாணேல இறங்கித் திரும்பிக்கலாம்" என்று சிரித்தபடி, நிரம்பிய கட்டங்களை மாமி மராத்திக்காரியிடம் தூக்கிக் காட்டுகிறாள்.