அரிவாள்மணையில் அறுத்த நாவல்

கடையில் ஒரே பிரதிதான் இருந்தது. தபால்வழியில் எம்.ஏ. படிக்கும் நானும் என் சம்பந்தி சௌந்தரவல்லியும் அந்த ரஷ்ய நாவலை அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்துக்கொண்டோம். எனக்கு முன்பாதி. மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனை கேட்டும் அந்த அம்மாள் பிடிகொடுக்கவில்லை, பரீட்சையே வந்துவிட்டது. ‘கதாநாயகி கணவனிடம் திரும்பினாளா? காரணத்துடன் விளக்குக’ என்று கேட்டிருந்தார்கள். எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

“முடிவே படிக்காம என்னத்த எழுதிக் கிழிச்சீங்க சம்பந்தி?”

“திரும்பலன்னு எழுதினேன். அவ்வளவு பெரிய வீட்டுல, கணப்பு பக்கத்துல உக்காந்தப்பகூட அவ கம்பளிக் கோட்டைக் கழட்டவே இல்லையே. அங்க எப்படித் திரும்புவா?”

சௌந்தரவல்லி கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார்.

“திரும்பலதான். ஏன்னுதான் எனக்கு எழுத வரல. அந்தக் கோட்டு எந்தப் பக்கத்துல வருது?”

சொல்வேனா நான்?