நாற்பத்தெட்டு நிமிடம்

"நாப்பத்தெட்டு நிமிஷம், சேர்! நாப்பத்திரண்டு நோயாளி!"

பயிற்சி டாக்டர் மஷூருக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டின் பெரிய டாக்டர் சவுந்தரநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து அந்த வார்டில் யாரும் பார்த்ததில்லை.

"கட்டில் கட்டிலாப் பாத்து முடிக்க ரெண்டரை மணித்தியாலம் இழுக்கிற றவுண்ட். என்னப்பா செய்தனீர்?"

"லேசு சேர். ஒவ்வொரு கட்டிலுக்கும் நேத்து எழுதினதை அப்பிடியே இண்டைய தாளில ஏத்திருவேன். காலையில மாற்றம் இருந்தா மட்டும் திருத்துவேன்."

மாற்றம் இருந்தால் கண்ணில் படாமலா போகும் என்று நம்பினான் மஷூர். கட்டிலுக்கு ஒரு நிமிடம்தான் என்றால் கண் எதில் நிற்கும், பாவம்!

"பத்து மணிக்கு மீட்டிங். மேலிடம் ஓமெண்டால் திங்கள் தொடக்கம் எல்லா வார்டிலயும் உம்மட முறைதான்."

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"டொக்டர், நான் பேர்ணடெற். கொட்டாஞ்சேனையில இருந்து வாறன். பதினாலாம் கட்டில் ஒஸ்வால்ட் என்ர அப்பா. அவரைப் பாத்தது நீங்களோ?"

மீட்டிங்குக்குப் பத்து நிமிடமே இருந்தது. மஷூர் அவசரமாகத் தாளைப் புரட்டினான்.

"ஓம் மிஸ், நான்தான். பயப்படாதீங்க. நல்லாத் தூங்கியிரிக்கிறார். நோவு ஒண்டும் இல்ல."

"அம்மா அதைத்தான் கேட்டுவரச் சொன்னவ. நோவில்லையோ? உண்மையாவோ?"

"உண்மையா மிஸ். இண்டைக்குக் காலையில ஏழு பத்துக்கும் போய்ப் பாத்தேன். வழமைபோல சீனி வருத்தத்துக்கு இன்சுலின் எழுதினேன். றோஸி நேர்ஸ் ஊசியும் போட்டாச்சு."

பேர்ணடெற் அவன் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"இண்டைக்கோ? அப்பா நேத்து மத்தியானமே மோசம் போயிட்டார், டொக்டர். இண்டைக்குப் பின்னேரம் மாதம்பிட்டியில அடக்கம்."

சவுந்தரநாயகம் தாளைப் பறித்துப் பார்த்தார். மஷூர் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து றோஸி அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"சேர், பதினாலாம் கட்டிலுக்கு நேத்து இரவு காய்ச்சலோட வந்தவர், ஊசி போட்டதில இருந்து எழும்புறாரில்லை!"