பெரியப்பாவுக்கு எந்த அறை?

"பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜு வேண்டாம் அண்ணாச்சி, விடிய விடிய ஹாரன். மில்லுப் பக்கம் போனா ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு. ஒங்க லாட்ஜும் சரிப்படலன்னா, கோயம்புத்தூர்ல இருந்து வார மாப்பிள்ளை வீட்டாரை எங்க மொட்டை மாடியிலதான் படுக்கப் போடணும்!"

கோவில்பட்டி இரயில் நிலையத்துக்கு எதிரேயிருந்த விடுதியின் மேசைமுன் நின்று மூச்சுவிடாமல் பேசினாள் ஸ்டெல்லாமேரி. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர், நீண்ட மூக்கின் நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியின் மேல்வழியே அவளை நோக்கினார்.

கணவன் இஸ்ரவேலுக்கு வியர்த்தது. நாளை மறுநாள் இளைய மகள் ஷைலாவுக்குத் திருமணம். மூத்தவள் திருமணத்தின்போது, மாப்பிள்ளையின் மாமாவுக்குக் கொடுத்த அறையில் மின்விசிறி சுற்றவில்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கே போய்விட்டார். கெஞ்சிக் கூட்டிவருவதற்குள் பிரியாணி ஆறிவிட்டது. இம்முறை யாரும் முகம் சுளிக்கலாகாது.

"பத்து ரூமு இருக்கு, அதுல ஏசி ரெண்டுதான்னு போன்ல சொன்னீங்க," என்றார் இஸ்ரவேல்.

மேசைக்காரர் ஒரு தாளை எடுத்தார். "யாரு யாருக்கு எதுன்னு சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

"மாப்பிள்ளையோட அத்தைக்கு முட்டுவலி. கீழ்த்தளத்துல, வெஸ்டர்ன் டாய்லெட் உள்ளதா போடுங்க," என்றாள் ஸ்டெல்லாமேரி. "மாப்பிள்ளை சேக்காளிங்க எட்டுப் பேரை உச்சி மாடிக்கு ஏத்திருங்க. ஆட்டம் போட்டா ஆகாசத்துக்குத்தான் கேக்கணும். சீட்டாடுத மாமா ரெண்டு பேரு வாராவ. அவியளையும் அங்கனயே தள்ளுங்க."

மேசைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "ஏசி?"

"ஒண்ணு மாப்பிள்ளையோட அப்பா அம்மாவுக்கு. இன்னொண்ணு மாப்பிள்ளையோட அக்காவுக்கு. மூணு மாசக் கைப்பிள்ளை வச்சிருக்கா."

"அப்போ மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு?" என்று பதறினார் இஸ்ரவேல். "நிச்சயத்துக்கு வராதவரு. நாம பாத்ததுகூட இல்ல. சரியான முசுடுன்னு ஊரே..."

ஸ்டெல்லாமேரி அவர் காலை ஓங்கி மிதித்தாள். மேசைக்காரரின் பேனா நின்றது.

"முசுடா?"

"இவியளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி! அந்தக் குடும்பத்துக்கே தூணு அவியதான். 'பச்சப்பிள்ளை ஏசியில தூங்கட்டும், எனக்கு ஃபேன் போதும்'னு சொல்லுத மனுசன். அவியளுக்குப் போய் ஏசி குடுத்தா, அவிய மனச நாம புரிஞ்சுக்கிடலன்னுல்லா ஆகும்?"

மேசைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; தொண்டையைச் செருமினார். பின்னர், 'பெரியப்பா: இரண்டாவது மாடி, மின்விசிறி' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் கோடும் இழுத்தார்.

அப்பொழுது கையில் தேநீர்த் தூக்குடன் உள்ளே வந்தார், விடுதியின் மேலாளர் காசிராஜன்.

"நல்லாருக்கே! ஒங்களுக்கு டீ வாங்கிட்டு வாரதுக்குள்ள என் நாற்காலியவே பிடிச்சிட்டீங்களே, கோயம்புத்தூர் அண்ணாச்சி?"



நாற்காலியில் இருந்தவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "நான் சாமித்துரை. மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. ரூமெல்லாம் எப்படின்னு பாக்க ஒரு நாள் முந்தி வந்தேன். எங்களப் பத்தி என்னதான் சொல்லுதீங்கன்னு கேப்போமேன்னு உக்காந்துட்டேன்."

"ஐயோ, முசுடுன்னு நான்..." இஸ்ரவேல் கைகூப்பினார். "அந்த ஏசி ரூமை நீங்களே..."

"மூச்! என் கையால எழுதினதை நானே மாத்தவா? என் மனசு தங்கச்சிக்குத் தெரியுது, ஒமக்குத் தெரியல." அவர் மின்விசிறி அறையின் சாவியை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையைப் போலவே நிமிர்ந்து மாடியேறினார்.

தெருவுக்கு வந்தபிறகுதான் இஸ்ரவேலுக்கு மூச்சே வந்தது. "நல்ல காலம்ட்டி! ஆளு தெரியாமலே அவரைப் புகழ்ந்து வச்சே!"

"யாரு, ஆளு தெரியாமலா?" ஸ்டெல்லாமேரி ஆட்டோவைக் கைதட்டி அழைத்தாள். "வாசப்படியில கால் வைக்கும்போதே அவிய முகத்துல மாப்பிள்ளையோட மூக்கு தெரிஞ்சிட்டே!"