கிட்டங்கி

விமானத்துக்கு இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.

அவன் பாதாம் பொட்டலத்தைத் தூக்கி வண்டியில் போட்டான். இன்னொன்றையும் போட்டான்.

அவள் வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் இங்கேதான் வருவார்கள். வாசலில் உறுப்பினர் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே எல்லாமே மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக, கூரை வரைக்கும். அமெரிக்காவைப் பார்க்க வந்திருந்த மாமா இங்கே நின்று அண்ணாந்து பார்த்தார். "இது கடையில்லடே, கிட்டங்கி" என்றார். அன்றிலிருந்து வீட்டில் இதற்குக் கிட்டங்கி என்றுதான் பெயர்.

மாமா என்றால் அவள் அம்மாவோடு பிறந்தவர். அவனுடைய அப்பா.

தகப்பனில்லாத அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவர். கல்லூரியில் தகப்பன் இடத்தில் கையெழுத்துப் போட்டவர். பிறகு தன் ஒரே மகனுக்குக் கட்டிவைத்தவர்.

காலையில் அவன் குளிக்கப் போயிருந்தபோது மதினி கூப்பிட்டாள். அவனுடைய அக்கா.

மதினி சொன்னது மனதில் ஏறவில்லை. பின்னால் கேட்ட குரல்தான் ஏறியது. கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது, ஒயரை எங்கே செருகுவது என்று யாரோ கேட்டார்கள்.

"தம்பிகிட்ட இப்ப சொல்லிராத, கோமு. சீரியஸ்னு மட்டும் சொல்லு. வந்து முகத்தப் பாத்துக்கிடட்டும்."

அவள் சரி என்றாள்.

அவன் ஈரத்தலையோடு வந்தான். மாமா சீரியஸ் என்றாள். துண்டு தலையிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு உட்கார்ந்து டிக்கெட் போட்டான்.

பிறகு, கிட்டங்கிக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்றான்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

நம்புகிறான் என்று நினைத்துக்கொண்டாள். போய்ச் சேர்வதற்குள் மாமா எழுந்து உட்கார்ந்து பிஸ்தா உரிப்பார் என்று நம்புகிறான். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்லக் கூடாது.

இன்னும் அழவில்லை. அழுதால் தெரிந்துபோகும். தெரிந்துபோனால் அத்தனை தூரம் ஆகாயத்தில் அவனை யார் தாங்குவது.

பிஸ்தா. சாக்லேட் டப்பாக்கள். மூட்டுவலிக்குத் தடவும் களிம்பு. மாமா டார்ச்சுக்கு என்று கேட்டு வாங்கும் பேட்டரி அட்டை மட்டும் அப்படியே தொங்கியது. அவன் கவனிக்காமல் கடந்தான்.

அடுத்த திருப்பத்தில் ருசி பார்க்கச் சீஸ் துண்டு கொடுக்கும் அம்மாள் நின்றிருந்தாள். மாமா வந்திருந்தபோது தொப்பியோடு ஒரு தரம், தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு தரம் வரிசையில் நின்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே மூன்றாவதாக ஒன்றும் கொடுத்தாள்.

இன்று அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சத்து மாத்திரை வரிசை. இரண்டு புட்டிகள் எடுப்பது வழக்கம். ஐம்பது வயது கடந்த பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று.

அவன் தன் அம்மாவுக்கு உரியதை எடுத்தான். வண்டியைத் தள்ளினான்.

ஒரு புட்டிதான்.

மறந்துவிட்டான். வீட்டுக்குப் போனதும் நினைவு வரும். நினைவு வந்தால் ஏன் நீயும் சொல்லவில்லை என்று கேட்பான். அப்போது தன் முகம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாள்.

அவளே கையை நீட்டினாள். ஆண்களுக்கான புட்டியை எடுத்து வண்டியில் வைத்தாள்.

"மாமாவுக்கு எடுக்கலையே அத்தான்."

குரல் பிசிறில்லாமல் வந்தது. தன் குரல்தானா என்று அவளே திகைத்துப்போனாள்.

அவன் வண்டியை நிறுத்தினான்.

புட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான்.

அலமாரிகளைத் தாண்டினான். ரொட்டிகளைத் தாண்டினான். காய்கறிகள் வைத்திருக்கும் குளிர் அறையின் பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போய்விட்டான்.

அங்கே வாங்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. இன்றிரவு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குக் கீரை எதற்கு.

அவள் அந்த அறை வாசலில் நின்றாள்.

அன்று மாமா இதே வாசலில் நடுங்கிக்கொண்டே வெளியே வந்தார். "மனுசன உசிரோட ஐஸ் பெட்டில வச்சிட்டியளே" என்றார். மூன்று பேரும் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

திரை ஆடி அடங்கியது. அவன் வரவில்லை.

ஒருவேளை மருந்தின் பெயரைப் படித்துக்கொண்டிருக்கிறானோ. ஒருவேளை ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டார்களோ. திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

குளிர் முகத்தில் அறைந்தது. உள்ளே நாலு டிகிரிதான் இருக்கும். அதைவிடக் குளிராக இருக்குமா அந்தப் பெட்டி, என்று ஒரு கணக்கு தானாக மனதில் ஓடியது. அதை நிறுத்த முடியவில்லை.

திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே அவன் நின்றிருந்தான். புட்டி கையிலேயே இருந்தது. மூச்சு புகையாக வந்தது.

அவளைப் பார்த்ததும் புட்டியைத் திராட்சையின் மேல் வைத்தான். ஸ்வெட்டரைக் கழற்றினான். அவள் தோளில் போர்த்தினான். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல் கழுத்துவரை பொத்தானை மாட்டினான்.

"காலையில நீ எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஊர்லருந்து பக்கத்து வீட்டுச் சங்கரன் போன் பண்ணிட்டான்" என்றான். "நீ தாங்க மாட்ட. ஃப்ளைட் ஏறுனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் வாயைத் திறந்தாள்.

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"மாமா போயிட்டாரு, கோமு."